உஸ்தாதின் இருக்கை

ஆம்பூரில் தோல் வணிகம் செய்துவரும் அன்பர் ஒருவர், தம் பாட்டனார் காலத்து வீட்டை இடித்துக் கட்ட முற்பட்டார். பரண் மீதிருந்த தகரப் பெட்டி ஒன்றில் பழைய காகிதங்கள் கிடைத்தன. பெரும்பாலானவை உர்தூவில் எழுதப்பட்ட மண்டிக் கணக்குகள். ஆட்டுத்தோல் எத்தனை, மாட்டுத்தோல் எத்தனை, சென்னைக்கு எந்தத் தேதியில் சரக்கு ஏறிற்று என்னும் விவரங்கள். அவற்றின் அடியில், துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்த இரண்டு தாள்கள் மட்டும் பாரசீகத்தில் இருந்தன. "ஹஜ்ரத், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று அவற்றை நம்மிடம் கொண்டுவந்து தந்தார்.

அரபியை ஓதிக் கொடுத்து வயிறு வளர்ப்பவர்கள் நாம். பாரசீகமோ, நமக்குக் 'கரீமா'வோடும் 'குலிஸ்தா'னின் முதல் பாபோடும் நின்று போயிற்று. தாள்களின் எழுத்தும் ஷிகஸ்தா எனப்படும் முறிந்த கையெழுத்து. புள்ளிகள் பாதிக்கு மேல் இல்லை. ஒரு மாலை முழுவதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்ததில், நான்கு வரிகளுக்கு மேல் நம்மால் நகர முடியவில்லை. அந்த அன்பரின் முன்னோர் நாளிதழ் படிப்பதுபோலப் படித்திருக்கக் கூடிய தாள்கள் அவை. இடையில் கழிந்தவை சில தலைமுறைகளே.

அன்றிரவு நமக்கு இத்தாலியப் புலவர் பெத்ரார்க்கின் நினைவு வந்தது. கி.பி. 1354ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து அவருக்குக் கிரேக்கக் கவி ஹோமரின் காவிய ஏடு ஒன்று அன்பளிப்பாக வந்தது. இலத்தீனில் தம் காலத்தில் நிகரற்றவராக விளங்கிய அவருக்கு, அந்த ஏட்டில் ஒரு வரியைக்கூடப் படித்துப் பொருள் கொள்ள இயலவில்லை. படிக்க மாட்டாமலே அதனைப் போற்றி வைத்துக் கொண்டார். மேலை ஐரோப்பாவில் கிரேக்கம் ஓதும் மரபு அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏறக்குறைய அற்றுப் போயிருந்தது. ஏடுகள் அழிந்தமையால் மட்டும் அன்று; ஓதிக் கொடுப்பவர் இல்லாமையாலும் அற்றது.

அந்த அறுந்த இழையை மீண்டும் முடிந்தவை இரண்டு நியமனங்கள். 1360ஆம் ஆண்டளவில், பொக்காச்சியோவின் முயற்சியால் லியோன்தியுஸ் பிலாத்துஸ் என்பவர் ஃபிளாரன்ஸ் நகரில் கிரேக்க ஆசிரியராக அமர்த்தப்பட்டார். ஹோமரை இலத்தீனில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தார், நெடுநாள் நிலைக்கவில்லை, போய்விட்டார். பின்னர் 1397இல், நகர மன்றத்தின் செயலாளர் சலுத்தாத்தியின் முயற்சியால், கான்ஸ்டான்டிநோபிளின் பேரறிஞர் மானுவல் கிறிசொலோராஸ் வரவழைக்கப்பட்டார். அவர் அங்கே கற்பித்தது ஏறக்குறைய மூன்றே ஆண்டுகள். ஆயினும் சட்டம் படித்துக் கொண்டிருந்த லியோனார்தோ புரூனி போன்ற இளைஞர்கள் அதை ஒதுக்கிவிட்டு இவரிடம் கிரேக்கம் ஓத வந்தனர். அம்மாணவர்களும் அவர்கள்தம் மாணவர்களுமே ஐரோப்பாவின் மறுமலர்ச்சி என்று நாம் பாடநூல்களில் படிக்கும் காலத்தை ஆக்கியவர்களுள் முன்னணியினர். தகுதியான ஒருவரைத் தேடிப் பிடித்துச் சம்பளம் தந்து ஓர் இருக்கையில் அமர்த்தியதன் விளைவு அது.

செம்மொழிகளைக் கற்பிக்கும் ஆசிரியரை யார் தேர்ந்தெடுப்பது, எதைக் கண்டு தேர்ந்தெடுப்பது, அவருக்குப் பின் யார் என்னும் கேள்விகள் கிரேக்கத்திற்கும் இலத்தீனுக்கும் மட்டும் உரியனவல்ல. பாலாற்றின் கரையில், வேலூர் முதல் வாணியம்பாடி வரை நம் முன்னோர் நிறுவிய மத்ரஸாக்களும் கல்லூரிகளும் அரபி, பாரசீகம் ஆகியவற்றுக்காக இதே கேள்விகளை எதிர்கொண்டன, இன்றும் எதிர்கொள்கின்றன.

கிரேக்கம் நமக்கு அயலானதன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நிஜாமிய்யாப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய மத்ரஸாக்களில் மன்திக் கலையின் தொடக்கக் கிதாபுகளுள் ஒன்றாக 'ஈஸாகூஜி' ஓதிக் கொடுக்கப்படுவது மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அதீருத்தீன் அப்ஹரீ இயற்றியது. பிள்ளைப் பருவத்தில் நாம் அதனை மனனம் செய்தபோது, இந்தப் பெயர் எந்த அரபி வினையடியிலிருந்து வந்தது என்று உஸ்தாதிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "இது அரபியே அல்ல, தம்பி, யூனானி" என்றார். மூன்றாம் நூற்றாண்டுக் கிரேக்க மெய்யியலார் போர்ஃபிரி, அரிஸ்டாட்டிலின் தருக்கத்திற்கு எழுதிய முன்னுரையின் பெயரே அது; 'முகவுரை' என்று பொருள். அதே முன்னுரையை போயத்தியுஸ் இலத்தீனில் பெயர்த்தார். அந்தப் பெயர்ப்பே பாரிசிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் இடைக்காலம் முழுதும் மாணவர் கையிலிருந்தது. நம் மத்ரஸாவின் பாயிலமர்ந்து ஓதிய பிள்ளைகளும் பாரிஸ் நகரத்துப் பிள்ளைகளும் ஒரே தாயின் இரு மக்களைப் போன்ற கிதாபுகளையே ஓதியிருக்கிறார்கள்.

இவ்வாறு கிரேக்க அறிவு அரபிக்கு வந்ததும் தக்கவரை அமர்த்தியதன் பயனேயாகும். அப்பாஸிய கலீஃபாக்களின் பக்தாதில், ஹீரா நகரத்துக் கிறிஸ்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809-873) ஜாலீனூஸின் மருத்துவ நூல்களைப் பெயர்ப்பதற்குப் பெரும் பொருள் பெற்றார். பெயர்த்த ஏடுகளின் எடைக்குப் பொன் தரப்பட்டது என்று கதையாகச் சொல்வார்கள். அவருடைய மார்க்கம் என்னவென்று பார்த்து அவரை எவரும் விலக்கவில்லை. கிரேக்கமும் சுர்யானியும் அரபியும் அவருக்குத் தெரியுமா என்றே பார்த்தார்கள்.

ஆனால் நம் வரலாற்றில் ஆசிரியர் நியமனம் எப்பொழுதும் இத்துணைத் தூய்மையாக நடந்தது என்று நாம் பெருமை பேசிக் கொள்ள முடியாது. பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸா கி.பி. 1067இல் (ஹிஜ்ரி 459) திறக்கப்பட்டபோது, அமைச்சர் நிஜாமுல் முல்க், இமாம் அபூ இஸ்ஹாக் ஷீராஸீ (ரஹ்) அவர்களை முதல் முதர்ரிஸாக நியமித்திருந்தார். திறப்பு நாளில் கூட்டம் கூடிக் காத்திருந்தது, ஷீராஸீ வரவில்லை. அக்கட்டடத்தில் பிறர் உடைமை அநியாயமாகப் பறித்துச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று வழியில் ஒருவர் சொல்லக் கேட்டு அவர் ஒதுங்கிக் கொண்டார். அவருக்குப் பதிலாக இப்னு ஸப்பாக் இருபது நாள் பாடம் நடத்தினார். பிறகே, பலர் வற்புறுத்தியதன் பேரில், ஷீராஸீ வந்து அமர்ந்தார். சம்பளத்தைக் கேட்பதற்கு முன் கட்டடத்தின் செங்கல் ஹலாலா என்று கேட்டவர் அவர். அதே நிஜாமிய்யாவில் பிற்காலத்தில் நடந்ததையும் மறைக்கலாகாது. ஷாஃபிஈ மத்ஹபினருக்கே இருக்கை என்பது வக்ஃபின் நிபந்தனை. கி.பி. 1215ஐ ஒட்டி மறைந்த இலக்கண அறிஞர் இப்னுத் தஹ்ஹான், ஹன்பலீயாக இருந்து ஹனஃபீயாகி, நஹ்வுப் பாடம் நடத்தும் இருக்கைக்காக ஷாஃபிஈயுமானார். அவர் காலத்துப் புலவர்கள் அவரைப் பகடி செய்து பாடினார்கள். இருக்கைக்காக மனிதன் தன்னை வளைத்துக் கொள்வது இன்று நேற்று வந்த வழக்கமன்று.

மேனாட்டாரோ, அரபிக்கு ஆசிரியரைத் தேடி முந்நூறு ஆண்டுகள் அலைந்தார்கள். 1311-12இல் கூடிய வியன்னா சங்கம் (ஆஸ்திரிய நாட்டுத் தலைநகரன்று, பிரான்ஸ் நாட்டிலுள்ள வியன் என்னும் ஊர்) பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்ட், போலோஞா, சலமான்கா ஆகிய இடங்களிலும் போப்பின் அவையிலும் எபிரேயம், அரபி, கல்தேயம் ஆகியவற்றுக்கு மொழி ஒன்றுக்கு இரண்டு ஆசிரியர்களை அமர்த்துமாறு ஆணையிட்டது. நோக்கம் சமயப் பரப்புதல். ஆணை ஏட்டளவிலேயே பெரும்பாலும் நின்றது. பணத்தை ஒதுக்கலாம், ஆளை எங்கே தேடுவது? 1636இல்தான் பேராயர் லாட் ஆக்ஸ்ஃபோர்டில் அரபி இருக்கையை நிறுவினார்; பின்னர் பெர்க்‌ஷயரிலிருந்த நிலத்தின் வருமானத்தை அதற்கென எழுதி வைத்தார். நாம் வக்ஃப் என்கிறோமே, அதுதான். அதில் அமர்ந்த எட்வர்ட் போகாக், அதற்கு முன் ஹலபு நகரில் ஆங்கில வணிகர்களுக்குப் பாதிரியாக ஐந்தாறு ஆண்டுகள் இருந்து, அங்கிருந்த ஷைகு ஒருவரிடம் அரபி ஓதியவர். பின்னாளில் இப்னு துஃபைலின் 'ஹய்யு இப்னு யக்ளா'னை அவருடைய மகன் இலத்தீன் பெயர்ப்புடன் 1671இல் வெளியிட்டார். ஆக, ஆக்ஸ்ஃபோர்டின் முதல் அரபிப் பேராசிரியருடைய அறிவின் ஸனது, ஹலபில் ஒரு முஸ்லிம் உஸ்தாதின் முன்னிலையில் தொடங்குகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1837இல் கும்பினி அரசு பாரசீகத்தை அலுவல் மொழி நிலையிலிருந்து அகற்றியது. பாரசீகம் தெரிந்த முன்ஷிக்கு அரசாங்கத்தில் இருந்த இடம் அன்றே ஆட்டம் கண்டது. அதன் பின் 1854இல் மெக்காலே தலைமையிலான குழு, இந்திய சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வுக்கு மதிப்பெண் பட்டியல் வகுத்தது. மொத்தம் 6875. அதில் கிரேக்கத்திற்கு 750, இலத்தீனுக்கு 750. அரபிக்கு 375, சமஸ்கிருதத்திற்கும் 375. இந்தியாவை ஆள வருபவனுக்கு இந்நாட்டாரின் கல்வி மொழிகளைவிட இறந்துபோன ரோமானியரின் மொழி இரு மடங்கு பயன் தரும் என்பது கணக்கு! ஆயினும் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த 750, ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கிரேக்க, இலத்தீன் ஆசிரியர்களின் இருக்கைக்குக் கீழே வைத்த முட்டுக்கட்டை போன்றது. படித்தால் பதவி உண்டு என்றால் மாணவர் வருவர். மாணவர் வந்தால் ஆசிரியர் தேவைப்படுவார்.

1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் இலத்தீன், சமஸ்கிருதம், அரபி, பாரசீகம் ஆகியவற்றைச் செம்மொழிகள் என ஒரே பந்தியில் உட்கார வைத்தது. பின்னர் கீழைக்கலைப் பட்டங்கள் என்னும் தேர்வுகளையும் ஏற்படுத்தியது. தமிழுக்கு வித்துவான், சமஸ்கிருதத்திற்குச் சிரோமணி, அரபிக்கு அஃப்ஸலுல் உலமா, பாரசீகத்திற்கு முன்ஷியே ஃபாஸில், உர்தூவுக்கு அதீபே ஃபாஸில். இதன் அருமையை இக்காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னாலன்றி விளங்காது. மத்ரஸாவில் ஓதிய ஓர் ஆலிமின் கல்வியைப் பல்கலைக்கழகம் தன் அளவுகோலால் அளந்து முத்திரையிட்டுத் தந்தது. அந்த முத்திரையைக் கொண்டு அவர் உயர்நிலைப் பள்ளியில் அரபி முன்ஷியாக அமரலாம். தமிழ்ப் பண்டிதருக்கும் அரபி முன்ஷிக்கும் ஏனைய ஆசிரியர்களினும் சம்பளம் குறைவு என்பது அக்காலத்துப் பொதுக் குறை. இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து அக்குறையைப் பேசியிருப்பார்கள். எனினும் வாசல் திறந்திருந்தது. சென்னை அரசினர் முகம்மதியக் கல்லூரியின் முதல்வராக இருந்து, கர்னூலில் உஸ்மானியாக் கல்லூரியையும் நிறுவிய டாக்டர் அப்துல் ஹக், தம் பெயருக்கு முன்னால் அஃப்ஸலுல் உலமா என்றே எழுதி வந்தார். 1927இல் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீக, உர்தூத் துறை தோன்றியது. அதன் தலைவராக விளங்கிய டாக்டர் முஹம்மது ஹுஸைன் நயினார், நவாபுகளின் வரலாறு கூறும் பாரசீக நூலாகிய 'துஸ்கெ வாலாஜாஹி'யை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1942இல் தென்னிந்தியாவைப் பற்றி அரபு நிலநூலார் அறிந்திருந்தவற்றைத் தொகுத்து நூலாக்கினார். ஜைனுத்தீன் மக்தூம் அவர்களின் 'துஹ்ஃபதுல் முஜாஹிதீ'னையும் பெயர்த்தார். ஒரு துறையில் தக்க ஒருவர் அமர்ந்தால் ஆற்காட்டின் வரலாறே எழுந்து பேசும் என்பதற்கு அவர் சான்று.

நம் பகுதியில் அந்நாளில் நடந்தது இதனினும் சுவையானது. வேலூரில் அஃலா ஹஜ்ரத் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் (ரஹ்) அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியை நிறுவினார்கள். வாணியம்பாடியில் முஸ்லிம் கல்விச் சங்கத்தார் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியைத் தொடங்கினர். 1924இல் தோல் வணிகர் காக்கா முஹம்மது உமர் அவர்கள் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவ, அவர் பெயராலேயே அவ்விடம் உமராபாத் ஆயிற்று. மேல்விஷாரத்தில் 1965இல் நவாப் சி. அப்துல் ஹக்கீம் பெயரால் ஒன்று. ஆம்பூரில் 1969இல் மஸ்ஹருல் உலூம் கல்லூரி. தொட்டியில் ஊறும் தோலின் வாடையோடு நாள் முழுதும் வாழ்ந்த மனிதர்கள், ஸீபவைஹியும் ஸஅதியும் ஓதப்படுவதற்குத் தங்கள் கல்லாவைத் திறந்தார்கள். ஃபிளாரன்ஸ் நகரத்துக் கம்பளி வணிகர்களை வரலாற்று நூல்கள் புகழ்கின்றன. நம் தோல் வணிகரைப் புகழ யாரும் நூலெழுதவில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை.

மத்ரஸாவில் நியமனம் நடந்த முறை என்ன? விண்ணப்பம் கிடையாது, நேர்முகத் தேர்வும் கிடையாது. ஒரு மாணவன் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடத்தைத் திருப்பிச் சொல்லிக் கொடுக்கும்போது பெரிய ஹஜ்ரத் தூணின் மறைவில் நின்று கேட்பார். அவன் எங்கே தடுமாறுகிறான், தடுமாறியதை ஒப்புக் கொள்கிறானா, அல்லது சப்தத்தை உயர்த்தி மழுப்புகிறானா என்று பார்ப்பார். இப்படி ஏழெட்டு ஆண்டுகள் பார்த்த பின், "நாளையிலிருந்து ஸர்ஃபு நீ ஓதிக் கொடு" என்பார். நியமன உத்தரவு அவ்வளவே. இந்த முறையில் ஒரு மேன்மை இருந்தது: தேர்ந்தெடுப்பவருக்குப் பாடம் தெரியும். ஒரு கேடும் இருந்தது: அந்தக் கண்ணுக்கு மகனும் மருமகனும் சற்றுப் பெரிதாகத் தெரிவதுண்டு. இதை மறுப்பவர் மத்ரஸாவில் ஓதியவராக இருக்க முடியாது.

கல்லூரியின் முறை வேறு. நமக்கே நேர்ந்தது ஒன்றைச் சொல்கிறோம். இடம் எதுவென்பது இங்கே வேண்டா. தொண்ணூறுகளில், தஹ்ஸீல் முடித்து, தனித்தேர்வராக எம்.ஏ.யும் எழுதித் தேறிய நாம், ஒரு கல்லூரியின் அரபி விரிவுரையாளர் நேர்முகத்திற்குச் சென்றோம். மேசைக்கு அப்பால் ஐவர். அவர்களுள் அரபி அறிந்தவர் ஒருவருமில்லை. வரவேண்டிய பொருள் வல்லுநர் கடைசி நேரத்தில் வர இயலவில்லையாம். ஆங்கிலத்தில் கேள்விகள் கேட்டார்கள். நம் சான்றிதழ்களின் வரிசையைச் சரி பார்த்தார்கள். அவர்களுள் பெரியவர் ஒருவர், "மௌலானா, ஏதாவது கொஞ்சம் ஓதிக் காட்டுங்கள்" என்றார். நாம் அல்ஃபிய்யாவிலிருந்து இரண்டு பைத்துகள் சொன்னோம். அவை குர்ஆன் வசனங்கள் என்றெண்ணி அவர் கண்களை மூடித் தலையசைத்தார். இலக்கணச் சூத்திரத்திற்கு அத்துணைப் பக்தி அன்றுதான் கண்டோம். வேலை நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவர் தகுதியற்றவர் என்று நாம் சொல்லத் துணியோம். ஆங்கிலத்தில் நாம் தட்டுத் தடுமாறியதும் உண்மை. ஆயினும் அவருடைய அரபியையும் அங்கே எவரும் சோதிக்கவில்லை அல்லவா?

பல்கலைக்கழக மானியக்குழு 1989இல் தேசியத் தகுதித் தேர்வைத் தொடங்கியது. அது வந்தபின் கல்லூரி வாசலில் நிற்கும் காவலர் மாறினார். இன்று உதவிப் பேராசிரியராவதற்கு முதுகலைப் பட்டத்தோடு அத்தேர்விலோ மாநிலத் தேர்விலோ தேறியிருக்க வேண்டும், அல்லது முனைவர் பட்டம் வேண்டும். இதில் நாம் குறை காண்பதற்கில்லை. மகன், மருமகன் என்னும் நோய்க்கு இது மருந்துதான். ஆனால் மத்ரஸாவில் எட்டாண்டுகள் ஓதியவன் பள்ளி இறுதித் தேர்வு எழுதாதிருந்தால், முதல் படியிலேயே நின்று விடுகிறான். அலீகரும் ஜாமிஆ மில்லிய்யாவும் சில மத்ரஸாக்களின் ஸனதை ஏற்றுச் சேர்த்துக் கொள்கின்றன. கேரளத்தில் அஃப்ஸலுல் உலமா இளங்கலைப் பட்டமாகவே உயிர் வாழ்கிறது. அந்தப் பழைய பாலத்தைத் தாங்கிய நாடு சென்னை. அதன் மீது நடப்பவர் மலையாளத்தார்.

தேர்வு ஒருபுறமிருக்க, தேர்ந்தவருக்கு இருக்கை உண்டா என்பதே இன்றைய கேள்வி. உதவிப் பேராசிரியர் ஒருவருக்கு வாரத்திற்குப் பதினாறு மணி நேரப் பாடவேளை என்பது விதி. மாணவர் குறைந்தால் வகுப்பு குறையும். வகுப்பு குறைந்தால் பாடவேளை கணக்கில் வாராது. அரசு உதவிபெறும் பணியிடம் ஓய்வு பெற்றவரோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிடும். அதன் பின் நிர்வாகத்தார் சுயநிதியிலிருந்து, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் ஒருவரை வைப்பர். வைக்காமலும் விடுவர். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டத்திற்குப் பின் பள்ளிகளில் அரபிக்கும் உர்தூவுக்கும் முதல் மொழி என்னும் இடம் இல்லாமற் போனதும், கல்லூரிக்கு வரும் மாணவர் தொகையைப் பாதித்தது. நம் பிள்ளைகள் தமிழ் கற்பதை நாம் ஒருநாளும் குறை சொல்ல மாட்டோம். தமிழில் எழுதியே இந்தப் பக்கத்தை நிரப்புகிறோம். ஆனால் கல்லூரியில் முதல் மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கும்போதும், பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் எளிது என்று பிள்ளையை அங்கே தள்ளிவிட்டு, மாலையில் பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்து 'அரபிக்கு ஆளில்லையே' என்று பெருமூச்சு விடும் தந்தைமார்களை நாம் அறிவோம். பேராசிரியரின் இருக்கையை அரசு மட்டும் எடுக்கவில்லை. ஒரு காலை நாமும் பிடித்து இழுத்திருக்கிறோம்.

மேல்நாட்டில் கிரேக்கமும் இலத்தீனும் இதே வழியில்தான் சென்று கொண்டிருக்கின்றன. கிரேக்கம் கட்டாயம் என்பதைக் கேம்பிரிட்ஜ் 1919இலும் ஆக்ஸ்ஃபோர்ட் 1920இலும் கைவிட்டன. இலத்தீன் 1960இல் போயிற்று. முட்டுக்கட்டையை எடுத்த பின்னும் கட்டடம் சிறிது காலம் நின்றது; அவ்வளவே. 2010இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆல்பனி வளாகம் செம்மொழித் துறைக்கு மாணவர் சேர்க்கையை நிறுத்தியது. 2021இல் வாஷிங்டனிலுள்ள ஹவர்ட் பல்கலைக்கழகம் தன் செம்மொழித் துறையைக் கலைத்தது. கறுப்பின மக்களுக்கென 1867இல் தோன்றிய அப்பல்கலைக்கழகத்தில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவரின் பிள்ளைகள் எந்த அறிவும் தங்களுக்கு விலக்கன்று என்று காட்டுவதற்காகவே கிரேக்கமும் இலத்தீனும் ஓதினார்கள். நிரந்தரப் பேராசிரியர்கள் வேறு துறைகளுக்கு மாற்றப்பட்டனர். ஒப்பந்த ஆசிரியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அச்செய்தியைப் படித்தபோது, நமக்கு ஏதோ உறவினர் வீட்டு இழவு போலத்தான் தோன்றியது.

ஹதீஸ் கலையில் ஒரு நெடிய விவாதம் உண்டு. ஓர் அறிவிப்பாளர் தமக்கு முந்தியவரிடமிருந்து ஒன்றை அறிவித்தால், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்கள், சந்தித்திருக்க இயலும் என்பது போதும் என்கிறார்கள் இமாம் முஸ்லிம் (ரஹ்). இருவரும் சந்தித்தது உறுதிப்பட வேண்டும் என்பது இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் நிலை எனச் சொல்லப்படுகிறது. எந்த நிலையைக் கொண்டாலும், ஒருவர் மறைந்த பின் பிறந்தவர் அவரிடமிருந்து நேரே பெற்றதாகச் சொன்னால் அது முன்கதிஃ, அறுந்தது. ஆசிரியர் நியமனத்திற்கு இதைவிடச் சிறந்த விதியை நாம் எங்கும் கண்டதில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் அரபி ஓதிக் கொடுத்தவர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அவருடைய இடம் ஆறேழு ஆண்டு காலியாகக் கிடந்து, பிறகு ஒரு புதியவர் வருகிறார். இருவரும் சந்திக்கவில்லை. எந்தப் பைத்தில் மாணவர் வழுக்கி விழுவர், எந்த ஏட்டில் அச்சுப்பிழை உண்டு, நூலகத்தின் எந்த அலமாரியில் கையெழுத்துப் பிரதி இருக்கிறது என்பவை பழையவரோடு கபுருக்குப் போய்விடுகின்றன. புதியவருக்கு முனைவர் பட்டம் உண்டு, ஸனது இல்லை. ஓய்வு பெறுபவருக்கு இரண்டாண்டு இருக்கும்போதே அடுத்தவரை அமர்த்தி இருவரையும் ஒரே அறையில் இருத்துவதற்கு ஆகும் செலவு, நம் ஊர்த் திருமணங்கள் சிலவற்றின் மின்விளக்குச் செலவினும் குறைவே. நிர்வாகக் குழுவில் அமர்ந்திருக்கும் அன்பர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

தொடர் அறாமல் நின்ற இடத்தில் என்ன விளைந்தது என்பதற்கு உமராபாத்தையே காட்டலாம். வடநாட்டு ஆஸம்கர் மாவட்டத்தில் 1943இல் ஒரு ஹிந்துக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் இஸ்லாத்தைத் தழுவிய மாணவர் ஒருவர், ஓதுவதற்காக உமராபாத் ஜாமிஆவுக்கு வந்தார். ஆம்பூருக்கு அருகில், தோல் வணிகர் ஒருவரின் கொடையில் எழுந்த கட்டடத்தில் அரபி ஓதினார். அங்கிருந்து மதீனாப் பல்கலைக்கழகம். பின்னர் மக்கா, அல்அஸ்ஹர். முடிவில், மதீனாப் பல்கலைக்கழகமே அவரை ஹதீஸ் துறையின் ஆசிரியராக ஏற்று, துறைப் புலத்தின் தலைமையையும் அளித்தது. 2020இல் அங்கேயே மறைந்த டாக்டர் ளியாவுர் ரஹ்மான் அஃளமீ (ரஹ்) அவர்களே அவர். நபி (ஸல்) அவர்களின் நகரத்தில் அரபிகளுக்கு ஹதீஸ் ஓதிக் கொடுக்க, அரபுநாட்டார் நம் பாலாற்றுக் கரை மாணவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் உமராபாத்தில் ஓதிய நாளில், அந்த இருக்கைகளில் யாரோ அமர்ந்திருந்தார்கள். எவரும் அதைக் காலியாக விட்டிருக்கவில்லை.

தகரப் பெட்டித் தாள்களுக்கு வருவோம். அவற்றை விட்டுவிட மனமில்லாமல், ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் பின் எடுத்து வைத்துக் கொண்டு அமர்ந்தோம். ஒரு மாதத்தில் முதல் தாள் ஒருவாறு பிடிபட்டது. ஒரு பள்ளிவாசலைச் சார்ந்த மக்தபு. அதற்கு ஒரு முதர்ரிஸ். பிள்ளைகளுக்குக் குர்ஆனும் பாரசீகக் கிதாபுகளும் ஓதிக் கொடுக்க வேண்டுமென்ற நிபந்தனை. ஆண்டுதோறும் இவ்வளவு தானியமும் இவ்வளவு ரொக்கமும். முதர்ரிஸின் பெயர் இருந்த இடத்தைச் செல் அரித்திருக்கிறது. தொகையோ நன்றாகத் தெரிகிறது. ஆனால் அது எண்களால் எழுதப்படவில்லை. பழைய முன்ஷிகள் கணக்கெழுதிய ரகம் என்னும் குறிகளால் எழுதப்பட்டிருக்கிறது. வேலூரிலும் வாணியம்பாடியிலும் நமக்குத் தெரிந்த முதியவர்கள் எல்லோரிடமும் காட்டிவிட்டோம். அந்த உஸ்தாதுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை வாசித்துச் சொல்ல ஒருவரும் இல்லை. படமெடுத்து ஹைதராபாத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.